ஆலிவ் சட்டையில் நீல வெளிச்சம்

"...துணி குடுக்கறாங்க, பீரங்கி குடுக்கறாங்க, எதிராளி எங்க நிக்கறான்னு மேல இருந்து படம் புடிச்சும் குடுக்கறாங்கன்னு நீங்கதானுங்க தம்பி சொன்னீங்க. அத்தன பேரு குடுத்தும் சண்ட முடியலைன்னா, அந்தக் குடுக்கறதுல என்னதான் மாறுது? அதை மட்டும் அவருகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

பேக்கிங் செக்‌ஷனில், அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு ருக்குமணியக்கா இப்படிக் கேட்டார். அக்கா எங்கள் கம்பெனியில் கறை கழுவுகிறவர். 'அவர்' என்று அக்கா கை காட்டியது தராஸை. உக்ரைனிலிருந்து சரக்கைச் சோதிக்க வந்திருந்த ஆள். பக்கத்தில் எங்கள் ஓனர். நடுவில் மொழிபெயர்க்க நான்.

நான் அங்கே ஃபேப்ரிக் இன்சார்ஜ். துணியின் நிறத்துக்கும் தரத்துக்கும் பொறுப்பு. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சரக்கு வாங்குகிற பையர் அனுப்பும் டெக் பேக்கை, அதாவது ஒரு சட்டை எப்படி இருக்க வேண்டும் என்று வரிவரியாக எழுதிய காகிதக் கட்டைப் படித்துப் படித்தே இங்கிலீஷ் பழகியவன். அதனால் என் இங்கிலீஷில் 'காலர்', 'ஸ்லீவ்' எல்லாம் சுத்தமாக வரும். போரைப் பற்றிப் பேசுவதற்கு வார்த்தை தேட வேண்டியிருந்தது.

அக்காவின் கேள்விக்கு என்ன பதில் வந்தது, அக்கா என்ன செய்தார் என்று சொல்வதற்கு முன், அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1. பச்சை ஆர்டர்

உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் அதற்கு ஒரு பனியன் திருப்பூரில் தைக்கப்படும். தேர்தல் என்றால் கட்சிக் கலர், பாதயாத்திரை என்றால் பச்சையும் காவியும், கிரிக்கெட் என்றால் முதுகில் நம்பர். எங்களுக்குப் போர் ஆலிவ் கிரீன் கலரில் வந்தது. காட்டன் சிங்கிள் ஜெர்சி துணி, முழுக்கை, ரவுண்ட் நெக்.

ஆர்டர் போட்டது உக்ரைன் அல்ல. பக்கத்து நாட்டில் ஒரு சங்கம். அங்கத்திய ஜனங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அந்தப் பணத்தில் பட்டாளத்துக்காரர்களுக்குச் சட்டை வாங்கிக் கொடுக்கிறார்கள். முதல் தவணை இரண்டாயிரம் பீஸ். அது போய்ச் சேர்ந்து சில மாதம் கழித்து, பன்னிரண்டாயிரத்துக்கு இரண்டாவது ஆர்டர்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது நன்றாக ஒன்றைச் சொன்னால், ரிஜெக்ட் ஆன ஷேடு கார்டின், அதாவது நிற மாதிரி ஒட்டுகிற அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். அந்த ஆர்டர் ஓடிய நாட்களில் பார்க்கிறவர்களை எல்லாம் ஒரே கேள்வி கேட்டேன். ஊரார் கொடுக்கிற ஆயுதமும் உளவும் ஒரு போரை மாற்றுமா?

எங்கள் வாட்ச்மேன் மாரப்பன், தாராபுரத்துக்காரர், ராணுவத்தில் இருந்து வந்தவர். "சாமான் வருமுங்க. தகவலும் வருமுங்க. ரெண்டும் ஒரே நாள்ல வரோணும். அது மட்டும் வராதுங்க" என்றார். அயர்னிங் டேபிளில் நின்ற பீகார் ஆள் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே, "அண்ணா, சாமான் எல்லாரோடது. சாவு அவங்களோடது" என்றார். இரண்டையும் ஒரே கார்டில் எழுதி வைத்தேன்.

ருக்குமணியக்காவிடமும் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பேன். அக்கா கறை கழுவும் மூலை, நான் நிறம் பார்க்கிற ஷேடு ரூமுக்குப் பின்னால். டீ நேரத்தில் அங்கே போய் நிற்பது வழக்கம். செயற்கைக்கோள், உளவு, பீரங்கி என்று நான் பேப்பரில் படித்ததைச் சொல்வேன். அக்கா தொட்டித் தண்ணீரில் கையை விட்டபடி கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாளும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

2. டார்ச்சோடு வந்தவர்

தராஸ் வந்தபோது இரண்டாவது தவணை தைத்து, பேக் ஆகி, முந்நூறு அட்டைப்பெட்டிகளில் டேப் ஒட்டி நின்றது. மறுநாள் சாயங்காலம் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். வந்ததும் டீ கூடக் குடிக்கவில்லை. கையில் ஒரு சின்ன டார்ச்சோடு, ஒரு பிளாஸ்டிக் பையைக் காட்டி, "இருட்டு அறை இருக்கிறதா?" என்று கேட்டார்.

என் ஷேடு ரூமில் கறுப்புத் திரை போட்டு லைட் பாக்ஸ் வைத்திருப்போம். பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் என்று ஒவ்வொரு டியூபாகப் போட்டு நிறம் பார்க்கிற பெட்டி. பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்தார். எங்கள் சட்டைதான், முதல் தவணையில் போனது. எல்லா வெளிச்சத்திலும் அதே ஆலிவ்தான். ஒரு குறையும் இல்லை. கடைசியாக யு.வி. டியூபை, அதாவது புற ஊதா வெளிச்சத்தைப் போடச் சொன்னார்.

போட்டேன். மார்புக்கு இடது பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு நீலமாக ஒளிர்ந்தது.

வெள்ளைத் துணியைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கிற ஒயிட்னர் இப்படித்தான் ஒளிரும். பச்சைச் சட்டையில் அதற்கு வேலையே இல்லை.

தராஸின் தம்பி போர்முனையில் இருக்கிறார். இந்தச் சட்டை அவருடையது. வேறொரு நாடு அவர்களுக்கு இருட்டில் பார்க்கிற கண்ணாடிகளைக் கொடுத்திருக்கிறது. அதைப் போட்டுப் பழகும்போது, ஒருவன் எதிரியைப் பார்க்கத் தெரியாமல் தன் ஆட்களையே திரும்பிப் பார்த்திருக்கிறான். பதுங்கி உட்கார்ந்திருந்த தராஸின் தம்பி மார்பில் மட்டும் ஒரு வெளிச்சம். "சட்டையைக் கழற்று" என்று கத்தியிருக்கிறான்.

"அன்றைக்குப் பார்த்தவன் எங்கள் ஆள்" என்றார் தராஸ். "இப்போது பன்னிரண்டாயிரம் அனுப்பப் போகிறீர்கள். அடுத்து எவன் பார்ப்பான் என்று எனக்குத் தெரியாது."

ஓனரும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எவன் வேலைங்க இது?" என்றார். "யாரு பண்ணியிருந்தாலும் நாளையில இருந்து இந்தக் கேட்டுக்குள்ள வரக்கூடாது. சண்முகம், கண்டுபிடிங்க."

3. டையிங்கில்

என் முதல் சந்தேகம் சாயப்பட்டறை மேல். வண்டியை எடுத்துக்கொண்டு பல்லடம் ரோட்டுக்கு விட்டேன். டையிங் மாஸ்டர் பழனிசாமி எனக்கு இருபது வருஷப் பழக்கம்.

"ஏனுங்க சண்முகண்ணா, ஆலிவ் கிரீன்ல எவனாச்சும் ஒயிட்னர் போடுவானுங்களா? எருமைக்குப் பவுடர் பூசற மாதிரி."

"சாஃப்ட்னர்ல கலந்து வந்திருக்குமோ?"

"டெக் பேக்ல எழுதியிருக்குதுன்னு நீங்கதான் மூணு தடவ போன் பண்ணி என்ற உசுரை எடுத்தீங்க. சாஃப்ட்னர் டப்பாவை மாத்தி, மெஷினையும் ஒருக்கா கழுவிப்போட்டுத்தான் ஓட்டுனேன். வேணும்னா ரோலை எடுத்துட்டுப் போய்ப் பாருங்க."

மீதம் இருந்த ரோலில் வெட்டி வந்தேன். டியூபுக்கு அடியில் ஒன்றும் ஒளிரவில்லை. தையல் நூல், கழுத்து ரிப், லேபிள் எல்லாம் வைத்துப் பார்த்தேன். எதிலும் இல்லை.

திரும்பவும் தராஸின் சட்டையை எடுத்து வைத்தேன். இந்த முறை நிறத்தை விட்டுவிட்டு உருவத்தைப் பார்த்தேன். சாயத்தில் வந்திருந்தால் சட்டை முழுக்க இருக்க வேண்டும். இது ஒரே இடத்தில் இருந்தது. நடுவில் பிரகாசம், ஓரத்தில் மங்கல். உற்றுப் பார்த்தால் கட்டைவிரல் வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தேய்த்த தடம் தெரிந்தது.

அந்தக் கட்டைவிரலை நான் தினமும் டீ நேரத்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

4. கழுவும் மூலை

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். தையல் மெஷின் எண்ணெயில் ஓடுவது. எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாலும் நூறு சட்டைக்கு இரண்டு மூன்றில் எண்ணெய்ச் சொட்டு விழும். செக்கிங் பெண்கள் அதற்கு ஸ்டிக்கர் ஒட்டிக் கழுவும் மூலைக்கு அனுப்புவார்கள். கறை போனதும் காய்ந்து, அயர்ன் ஆகி, மற்ற சட்டையோடு கலந்துவிடும். அதற்குப் பிறகு அது கழுவின சட்டை என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலையின் நேர்த்தி.

ருக்குமணியக்கா முன்பு டெய்லராக இருந்தவர். கண் மங்கி ஊசி முனை தெரியாமல் போன பிறகு கழுவும் வேலைக்கு வந்தார். அதை விட்டால் பனியன் கம்பெனியில் அவருக்கு வேறு வேலை இல்லை. கறை எங்கே என்று விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார்.

நான் போனபோது தொட்டி ஓரத்தில் கம்பெனி கொடுக்கிற சோப்புத் தண்ணீர் கேன் அப்படியே நிறைந்திருந்தது. அதன் பின்னால் மளிகைக் கடையில் வாங்கின சலவைப் பவுடர் பாக்கெட். பக்கத்தில் ஒரு ஆலிவ் நூல் கண்டும் கிடந்தது. கழுவுகிறவருக்கு நூல் எதற்கு என்று தோன்றியது. கேட்கவில்லை.

"அக்கா, இந்தப் பவுடர் எப்ப இருந்து?"

"பச்சைச் சட்ட வந்ததுல இருந்துதானுங்க தம்பி. அந்தக் கேன் தண்ணி எதுக்குங்க ஆகுது? கறை மங்குது, போக மாட்டேங்குது. செக்கிங் புள்ளைக மறுக்கா மறுக்கா தூக்கிப் போடுதுக. அதான் என்ற சொந்தக் காசுல வாங்கியாந்தேன். சும்மா சொல்லக்கூடாது, ஒரே தேய்ப்புல பளிச்சுன்னு ஆயிருது."

"இந்தச் சட்டை பளிச்சுன்னு இருக்கக் கூடாதுக்கா."

அக்கா சிரித்தார். "ஏனுங்க, துணி பளிச்சுன்னு இருக்கக் கூடாதுன்னு சொல்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

கூட்டிக்கொண்டு போய் லைட் பாக்ஸில் காட்டினேன். அந்த நீலம் அவர் கண்ணுக்கும் தெரிந்தது. யார் போட்டிருந்த சட்டை, யார் பார்த்தார்கள் என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. முந்தானையில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு யாரும் சொல்லலீங்களே தம்பி."

சொல்லவில்லைதான். டெக் பேக்கில் பன்னிரண்டாவது வரி: எந்தக் கட்டத்திலும் ஒயிட்னர் கூடாது. அதற்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டது நான். டையிங்குக்கு மூன்று முறை போன் செய்தேன். என் அறைக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்த தொட்டிக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. போரைப் பற்றிய பெரிய சேதி எல்லாம் அந்தத் தொட்டி ஓரத்தில் நின்று பேசினேன். அவர் கைக்குத் தேவையான ஒரு வரியை மட்டும் என் ஃபைலில் வைத்துக்கொண்டேன்.

5. பன்னிரண்டு பீஸ்

பேக்கிங் செக்‌ஷனில் ஓனரிடம் நானே சொன்னேன். தப்பு என்னுடையது, நான்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"எத்தன பீஸ் இந்தப் பவுடர்ல கழுவுனீங்க?"

அக்கா தரையைப் பார்த்தார். "பத்து, பன்னெண்டு இருக்குமுங்க."

"பன்னெண்டுதானே?"

"ஆமாங்க."

பன்னிரண்டாயிரம் சட்டையில் பன்னிரண்டு எண்ணெய்க் கறை. எந்த டெய்லரிடம் சொன்னாலும் சிரிப்பார். ஓனருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த எண் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. ஓனருக்கு லாரி நேரத்துக்குக் கிளம்பும். அக்காவுக்கு வேலை தங்கும். எனக்கு என் தப்பு சின்னதாகிவிடும். நான் வாயைத் திறக்கவில்லை.

"பன்னெண்டு பீஸ்தானாம், தெரியாம நடந்துபோச்சு, மன்னிக்கச் சொல்லுங்க" என்றார் ஓனர். "பெட்டி போகட்டும்."

மொழிபெயர்த்தேன். தராஸ் தலையாட்டவில்லை. எல்லாப் பெட்டியையும் திறக்க வேண்டும், ஒவ்வொரு சட்டையையும் பிரித்துத் தன் யு.வி. டார்ச்சை அடிக்க வேண்டும் என்றார்.

"அதுக்கு நாலு நாள் ஆகுமுங்க" என்றார் ஓனர். "கப்பல் போயிரும். அடுத்த கப்பல் மூணு வாரம் கழிச்சு. அவருக்குச் சட்டை வேணுமா வேண்டாமான்னு கேளுங்க."

கேட்டேன். புதிதாக ஆள் சேர்த்து முனைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்பும் மஞ்சளுமான பனியனோடு நிற்கிறார்கள், மூன்று வாரம் அவர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியாது என்றார் தராஸ். பிறகு, அதற்காக இதையும் அப்படியே அனுப்ப முடியாது என்றார். அவர் கையில் டார்ச் எரிந்தபடி இருந்தது. அணைக்க மறந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ருக்குமணியக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். அத்தனை பேர் கொடுத்தும் என்ன மாறுகிறது?

6. பதில்

ஓனர் எரிச்சலானார். "அக்கா, இப்ப இதுதான் முக்கியமா?"

"இருங்க சாமி, ஒரு நிமிசம்" என்றார் அக்கா. ஓனரை நிறுத்தி அவர் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். தராஸ் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார். தாங்கள் ஆயிரம் தடவை பேசிக்கொண்ட கேள்வி இது என்றார். ஒரு முறை, இந்த ரோட்டில்தான் எதிரி வருவான் என்று வெளிநாட்டிலிருந்து தகவல் வந்ததாம். நம்பினார்கள். ஒரு கிராமத்தையே காலி செய்தார்கள். இரண்டு நாள் யாரும் வரவில்லை. ஊர்க்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். மூன்றாம் நாள் வந்தான். இன்னொரு முறை, எதிரி நிற்கிற இடம் வீட்டு எண் வரைக்கும் தெரிந்ததாம். சுடக் குண்டு இல்லை. தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"போர் மாறுமா என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்கள் எல்லாம் ரொம்ப தூரத்தில் இருக்கிறார்கள்" என்றார். "என் தம்பி சட்டையைக் கழற்றினான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கண்ணாடியை யாரோ கொடுத்தார்கள். ஆனால் அதில் பார்த்தவன், நமக்கென்ன என்று சும்மா இருந்திருக்கலாம். அவன் கத்தினான்."

நான் அப்படியே தமிழில் சொன்னேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அந்தத் தம்பி பேரு என்னங்க?" என்றார் அக்கா.

"பாவ்லோ."

"பவுலுங்களா. எங்க ஊட்டுக்கு எதுத்தாப்புல ஒரு பவுலு இருக்கான். ஆட்டோ ஓட்டறான்." அக்கா அந்தப் பெயரை இன்னொரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

அந்த நாளுக்குப் பிறகு நான் ஒரு வேலையை விடாமல் செய்தேன். டெக் பேக் வந்தால் கழுவும் தொட்டி, அயர்னிங் டேபிள், நூல் வெட்டுகிற இடம் எல்லாவற்றுக்கும் போய், தமிழிலும் தெரிந்த இந்தியிலும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். எதற்காக அந்த வரி என்பதையும் சேர்த்துச் சொல்வேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். கோடு போட்டுவிட்டால் போதும் என்று நினைத்த என் பழைய டெக் பேக் இன்னும் வீட்டில் இருக்கிறது.

ஊரார் உதவி ஒரு போரை மாற்றுமா என்று என்னைக் கேட்டால், அன்றைக்குப் பார்த்ததைச் சொல்கிறேன்.

அக்கா இரண்டு கையையும் முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். திறந்திருந்த ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். சட்டைகள் கழுத்து மேலே வருகிற மாதிரி மடித்து, பாலிபேக்கில் போட்டு அடுக்கியிருந்தன. பையைப் பிரிக்கவில்லை. வெளியிலிருந்தே கழுத்து லேபிள் மேல் கட்டைவிரலை வைத்து ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் விரல் நின்றது. அந்தப் பையை எடுத்துத் தராஸிடம் நீட்டினார்.

"எல்லாப் பையையும் பிரிக்க வேண்டாமுங்க, லேபிளுக்கு அடியில ஒரு முடிச்சு இருக்குதுங்க. சட்டை நூல்லயே விரல்ல தடவித் தடவிப் போட்டது, கண்ணுக்குத் தெரியாது. நான் கழுவுன சட்டைக்கெல்லாம் போட்டிருவேன். கழுவாத சட்டையக் கொண்டாந்து, அக்கா இது சரியாப் போகலைம்பாங்க, தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டை பண்ணிப்போட்டீங்கம்பாங்க. என்ற கை பட்டது எதுன்னு எனக்குத் தெரியோணுமில்லைங்களா?"

தராஸ் பையைப் பிரித்து, சட்டையோடும் டார்ச்சோடும் பேக்கிங் டேபிளுக்கு அடியில் இருட்டுக்குள் நுழைந்தார். நாங்களும் குனிந்து பார்த்தோம். வலது கைப் பக்கம், விரல் வட்டத்தோடு நீலம் எரிந்தது.

"மொத்தம் எத்தனைக்கா?" என்றேன்.

"முந்நூறுக்கு மேல இருக்குமுங்க தம்பி. பன்னெண்டுன்னு சொன்னது பொய்யிங்க."

ஓனர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெட்டியை மடியோரம் இழுத்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஆறாவது கழுத்தில் கட்டைவிரலை வைத்தார்.